டெல்டாவுக்குப் பிள்ளைகளோடு குடிவருகிறவர்களுக்கு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் மாற்றலாகி வருகிறவர்கள், வெளியூரில் வளர்ந்து இப்போது பிள்ளைகளோடு சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்கள், கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளை வரவழைத்திருக்கும் தாத்தா பாட்டிகள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் வளர டெல்டா அருமையான இடம். ஆனால் நகரத்தில் பழகிய கண்ணுக்கு இங்கே எது ஆபத்து என்று சட்டென்று பிடிபடாது. அங்கே ரோட்டையும் வண்டியையும் பார்த்துப் பயந்தோம். இங்கே பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. அது மாதத்துக்கு ஒரு குணத்தில் வரும், போகும். எந்த மாதம் எந்த வாய்க்காலில் என்ன ஓடும் என்று தெரிந்துகொண்டால் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவைக்க வேண்டிய அவசியமே வராது. அதனால் சாமான் பிரித்து அடுக்குவதற்கு முன்னால் தண்ணீர்.

முதல் வாரம்: தண்ணீரின் போக்குவரத்து

மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறப்பது வழக்கம். அணையில் இருப்பு எப்படியோ அதைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. அங்கே கிளம்பிய தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்தில் போகும். அப்புறம் அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று கிளை கிளையாகப் பிரிந்து கடைசியில் உங்கள் கொல்லைக்குப் பின்னால் ஒரு வாய்க்காலாக வந்து நிற்கும். அந்த வாய்க்கால் எந்த ஆற்றின் தண்ணீர் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவது வழக்கம். செய்தித்தாளில் "மேட்டூர் திறப்பு" என்று பார்த்த அன்றைக்கே பிள்ளைகளை உட்காரவைத்து, இன்னும் சில நாளில் ஆறு மாறிவிடும் என்று சொல்லிவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது முறைத் தண்ணீர். இருப்பு குறைவான வருடங்களில் ஓர் ஆற்றில் சில நாள், அடுத்த ஆற்றில் சில நாள் என்று மாற்றி மாற்றித்தான் விடுவார்கள். நேற்று கணுக்கால் நனையும் அளவுக்குக் கிடந்த வாய்க்கால் இன்றைக்குக் காலையில் கரை தொட்டு ஓடும். பிள்ளையின் மனதில் இருப்பது நேற்றைய வாய்க்கால். மீன் பிடிக்க இறங்கிய அதே இடத்தில் அதே தைரியத்தோடு இறங்கும். இங்கே நடக்கும் விபத்துகளில் பல இப்படி வருபவைதான். மதகைத் திறந்து மூடும் பாசன ஊழியரை ஊரில் லஸ்கர் என்பார்கள். அவரிடம் அறிமுகம் செய்துகொண்டு, போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, நம்ம வாய்க்கால்ல எப்ப தண்ணி வரும்?" என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார். கிராமத்தில் இதைவிடப் பயனுள்ள நம்பர் குறைவு.

அடுத்து, ஒரு சாயங்காலம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் கால் மணி நேர நடை தூரத்துக்குள் இருக்கும் நீர்நிலைகளை எல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள். பெயர் சொல்லிக் காட்டுங்கள்: இது வாய்க்கால், இது வடிகால், இது மதகு, இது நீரொழுங்கி (ஷட்டர் வைத்துத் தண்ணீரைத் தடுத்து விடும் கட்டு), இது படித்துறை, இது கோயில் குளம். எங்கே விளையாடலாம், எங்கே கரையோடு சரி, எந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்பதை அந்தந்த இடத்தில் நின்று சொன்னால்தான் மனதில் பதியும்.

தலைவைக்கக் கூடாத இடங்களில் முதலாவது நீரொழுங்கியின் கீழ்ப்பக்கம். ஷட்டருக்கு அடியில் சீறி வரும் தண்ணீர் அந்த இடத்தில் பள்ளம் பறித்திருக்கும்; விழுந்தவரை வெளியே விடாமல் உள்ளேயே புரட்டும். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர்களே மாட்டிக்கொள்ளும் இடம் அது. இரண்டாவது, ஆற்றில் மணல் அள்ளிய குழி. மேலே முழங்கால் தண்ணீர், இரண்டடி தள்ளி ஆள் மூழ்கும் ஆழம். கோடையில் ஆறு வற்றிக் கிடக்கும்போதும் இந்தக் குழிகளில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும். கொள்ளிடக் கரை ஊர்களில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். மூன்றாவது, பாசி பிடித்த படித்துறை. மேல் படிகள் காய்ந்திருக்கும். தண்ணீருக்குள் இருக்கும் முதல் படியில்தான் வழுக்கும்.

பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி என்று கடற்கரைக்குப் போனால் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலையில் கால் நனைப்பதென்றால் பிள்ளையின் கை உங்கள் கையில் இருக்கட்டும்.

தண்ணீர் விதி, நீச்சல், முதலுதவி

பிள்ளைகளுக்கு நிறைய விதி போட்டால் ஒன்றும் நிற்காது. நான் சொல்வது இவ்வளவுதான்: பெரியவர் கரையில் இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது, செருப்போ பந்தோ தண்ணீரில் போனால் போகட்டும், யாராவது மூழ்கினால் தான் குதிக்காமல் கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும். மூன்றாவதை அழுத்திச் சொல்லுங்கள். அண்ணன் மூழ்குகிறான் என்று தம்பி குதித்து இரண்டு பேரும் போகிற கொடுமை இங்கே வருடம் தவறாமல் செய்தியில் வருகிறது. குதிப்பதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியதையும் சொல்லிக்கொடுங்கள்: நீளக் கழியை நீட்டலாம், கயிறு வீசலாம், துண்டையோ புடவையையோ முறுக்கி எறியலாம், மூடி இறுக்கிய காலிக் குடத்தைத் தள்ளிவிடலாம்.

ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை மூழ்குவதற்கு ஆற்றுத் தண்ணீர் தேவையில்லை. குளியலறை வாளி, மாட்டுத் தொட்டி, பம்பு செட்டுத் தொட்டி, கொல்லைக் குட்டையே போதும். சத்தமே வராது. "பாத்துக்கறேன்" என்று நாலு பேர் சொன்னால் நாலு பேருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். கல்யாணம், காதுகுத்து, திவசம் என்று வீடு நிறைந்திருக்கும் நாட்களில் இது நடக்கும். இந்த ஒரு மணி நேரம் குழந்தை சித்தி பொறுப்பு, அடுத்த மணி நேரம் பெரியப்பா பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

ஆறு வயது ஆனதும் நீச்சல் கற்றுக்கொடுங்கள். இந்த மண்ணில் நீச்சல் தெரியாமல் வளர்வது ஆபத்து. இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும் பம்பு செட்டுத் தொட்டி தொடங்குவதற்கு நல்லது. மட்டையோடு இருக்கும் இரண்டு நெற்றுத் தேங்காயைக் கயிற்றில் சேர்த்துக் கட்டி, கயிறு நெஞ்சுக்கு அடியிலும் தேங்காய்கள் இரண்டு பக்கமும் வருகிற மாதிரி படுக்கவைத்தால் பிள்ளை மிதக்கும். தாத்தாக்கள் காலத்து முறை. கை போடப் பழகிய பிறகு தேங்காயைக் கழற்றிவிடலாம். நீச்சல் தெரிந்துவிட்டது என்பதற்காக முன்னே சொன்ன விதிகள் தளர்ந்துவிடாது. ஓடும் ஆறு வேறு, தொட்டி வேறு.

தண்ணீரிலிருந்து தூக்கிய பிள்ளைக்கு மூச்சு இல்லையென்றால், தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவதும் தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வேண்டாம். அந்த நிமிடங்கள்தான் உயிர். தட்டையான இடத்தில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். முகவாயை லேசாக மேலே தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். மார்பு மேலே எழும்ப வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து, நெஞ்சுக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி, விநாடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் 30 முறை அழுத்துங்கள். மறுபடி இரண்டு முறை ஊதுங்கள். மூச்சு திரும்பும் வரையோ 108 வரும் வரையோ இதையே விடாமல் செய்ய வேண்டும். இன்னொருவர் உடனே 108-ஐக் கூப்பிடட்டும். பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலில் போன தண்ணீர் பிற்பாடு தொந்தரவு கொடுக்கும்.

வீடும் கொல்லையும்

பழைய வீடு வாடகைக்குக் கிடைத்தால் கூடமும் முற்றமும் பார்த்து மயங்குவோம். கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்காவது இருக்கிறதா, மேலே கம்பி வலை உண்டா, கழிவுத் தொட்டி மூடி உடையாமல் இருக்கிறதா, பயன்படாத ஆழ்துளைக் கிணற்றுக் குழி திறந்து கிடக்கிறதா. திறந்த குழி இருந்தால் அதை மூடும் வரை குடி போகாதீர்கள்.

விவசாய வீடு என்றால் மருந்து. பூச்சிமருந்தைப் பழைய தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கிற பழக்கம் இன்னும் ஒழியவில்லை. வாங்கிய டப்பாவிலேயே, பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். எலி பேஸ்ட் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. தேங்காய்த் துண்டில் தடவி வைத்ததைக் குழந்தை எடுத்துத் தின்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாளில் ஈரல் கெட்டுவிடும். தின்றிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரி, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு. எலிக்கு இங்கே மூங்கிலில் செய்த தஞ்சாவூர் கிட்டி இருக்கிறது. விஷம் இல்லாத நல்ல கருவி. ஆனால் வில்லைப் போல் இழுத்துக் கட்டியது, விரலைப் பதம் பார்த்துவிடும். வயலில் கிட்டி வைத்த வரப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள். எலிக்காகவும் பன்றிக்காகவும் திருட்டுத்தனமாக மின்சாரம் விடுகிற வேலிகளும் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு வயல் பக்கம் பிள்ளைகளை அனுப்பாமல் இருப்பதற்கு அது ஒன்றே காரணமாகப் போதும்.

பாம்பைப் பற்றி விவரமாகச் சொல்லியாக வேண்டும். நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் கடித்தால் வலி தெரியும், வீங்கும், ஓடிவந்து சொல்வார்கள். கட்டுவிரியன் அப்படி இல்லை. ராத்திரியில் வீட்டுக்குள் வரும், தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும், கடித்த இடத்தில் எறும்பு கடித்த தடம் அளவுகூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் குழந்தை வயிறு வலிக்கிறது என்று அழுகிறது, இமை சொருகுகிறது, பேச்சு குழறுகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் அஜீரணம் என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காமல் பாம்பாக இருக்கலாம் என்று நினைத்துக் கிளம்புங்கள். கோடையில் திண்ணையிலும் கூடத்திலும் பாய் விரித்துப் படுப்பது சுகம்தான். கொசுவலை கட்டி, வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட்டால் கொசுவும் வராது, கட்டுவிரியனும் வராது. கட்டில் இருந்தால் இன்னும் நல்லது. அறுவடை முடிந்து நெல் மூட்டை வீட்டுக்குள் அடுக்கினால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். அந்த மாதங்களில் மூட்டை இருக்கும் அறையில் பிள்ளைகளைப் படுக்கவைக்காதீர்கள். வைக்கோல் போரில் கைவிட்டு விளையாட விடாதீர்கள்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. பிள்ளையை நடக்கவிடாமல், கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல் சட்டம் வைத்து ஆடாமல் வைத்துத் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துவர நேரம் செலவழிக்க வேண்டாம், மந்திரிக்கிறவரிடம் போகவும் வேண்டாம். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியில் டாக்டர் இருப்பாரா, இல்லையென்றால் அடுத்தது எங்கே போக வேண்டும் என்று பகலில் ஒரு நாள் நேரில் போய்க் கேட்டு வந்துவிடுங்கள்.

காய்ச்சல், வெயில், புயல்

கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துத் தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள். நெல் வயல் தண்ணீரில் பெருகும் கொசு பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. வேறு மாவட்டத்திலிருந்து வந்த பிள்ளைக்கு அது போடாமல் இருந்திருக்கலாம், கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். சேற்றில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்கு அது அவசியம்.

ஐப்பசி மழை தொடங்கியதும் டெங்கு. அந்தக் கொசு கடிப்பது பகலில். வீட்டைச் சுற்றிக் கிடக்கும் தேங்காய்த் தொட்டி, டயர், ஆட்டுக்கல் குழி எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்த்துவிடுங்கள். காய்ச்சலுக்கு எடைக்கு ஏற்ற அளவில் பாரசிட்டமால் மட்டும். காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து படுப்பது என்று வந்தால் அதுதான் ஆபத்தான கட்டம். ஐந்து நாளைத் தாண்டியும் காய்ச்சல் விடவில்லையென்றால் பிள்ளையின் அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போல் கருப்புப் பொருக்கு இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் அதைக் காட்டினால் சரியான மருந்தில் சீக்கிரம் குணமாகும். யாரும் பார்க்காமல் விடுவதால்தான் முற்றுகிறது. வெள்ளத் தண்ணீரில் விளையாடினால் எலிக்காய்ச்சல் வரும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பெரியதென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில். கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் அதற்கு ஈடாகாது. அக்னி நட்சத்திர நாட்களில் 11 மணியிலிருந்து 4 மணி வரை நிழல், நீராகாரம், மோர், இளநீர். ஆனால் தென்னை மரத்தடி விளையாடும் இடம் அல்ல.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது இந்தப் பக்கம் எத்தனையோ ஊர் பல நாள் இருட்டில் கிடந்தது. அக்டோபர் வந்ததும் டார்ச், பால்பவுடர், மருந்து, மாற்றுத்துணி, ஆதார் நகல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மாட்டிவிடுங்கள். புயலுக்கு மறுநாள் அறுந்த கம்பி தண்ணீருக்குள் கிடக்கும்; மின்வாரியத்தார் பார்க்கும் வரை பிள்ளைகள் வாசல் தாண்டக் கூடாது.

பள்ளிக்கூடம் பார்க்கும்போது

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையற்கட்டிலிருந்து கீற்றுக் கூரைக்குத் தீ பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். குறுகலான ஒரே மாடிப்படி. அந்த ஊர்க்காரர்கள் யாரும் அதை மறந்தபாடில்லை. பள்ளியில் சேர்க்கும் முன் வகுப்பு வரைக்கும் ஏறிப் போய்ப் பாருங்கள்: இறங்க இரண்டு வழி இருக்கிறதா, வழியில் சாமான் அடைத்திருக்கிறார்களா, சமையற்கட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது. பார்க்கவிட மறுக்கும் பள்ளி வேண்டாம். வேனும் ஆட்டோவும் பிள்ளைகளைத் திணித்துக்கொண்டு வாய்க்கால் கரை ரோட்டில் போகும்; எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து ஏற்றுங்கள்.

கிராமத்தில் எல்லோரும் மாமா, சித்தப்பா, தாத்தா. அந்தப் பாசம் பெரிய பலம். அதனாலேயே, யார் தொட்டாலும் பிடிக்கவில்லையென்றால் சொல்லலாம், அம்மா நம்புவேன் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கே மனப்பாடம் செய்துவையுங்கள்.

பொழுது போக

வெளியே போகாதே என்று மட்டும் சொன்னால் போன்தான் மிஞ்சும். டெல்டாவில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது.

ஆடிப் பதினெட்டுக்குச் சப்பரம். மரச் சக்கரம் வைத்த சின்னத் தேரைச் சந்தையில் விற்பார்கள். தட்டியும் வண்ணக் காகிதமும் ஒட்டிப் பிள்ளைகள் தெருவில் இழுத்துப் போவார்கள். கடையில் வாங்குவதைவிட வீட்டில் செய்யவிடுங்கள், ஒரு வாரம் ஓடிவிடும். இழுப்பது தெருவோடு, படித்துறைக்குப் பெரியவர் கூட வர வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு ஆறு நிறைந்திருக்கும். மழை நாட்களுக்குத் தாயமும் பல்லாங்குழியும். புளியங்கொட்டையும் சோழியும் போதும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள், தொண்டையில் சிக்கும். கார்த்திகையிலிருந்து தை வரை வடுவூர் ஏரியில் பறவை பார்க்கலாம், கோடியக்கரையில் வெளிமானும் பூநாரையும். விடியற்காலையில் போக வேண்டும். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு நாலு மணிக்கு மேல் போங்கள்; பகலில் கல்தரை பிள்ளைகளின் பாதத்தைப் பொசுக்கிவிடும்.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை வாங்கிக் கொடுத்தால் எப்படி விழாமல் நிற்கிறது என்று பிள்ளை கேட்கும். வீட்டிலேயே செய்து காட்டலாம். முட்டையின் மேல் நுனியில் சின்ன ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதைக் கொட்டிக் கழுவிக் காயவையுங்கள். வாய்க்கால் களிமண்ணைக் கொழுக்கட்டை மாவுப் பதத்துக்குப் பிசைந்து, ஓட்டை வழியாகச் சின்னச் சின்ன உருண்டையாகப் போட்டு, அடியில் கால்வாசிக்கு நிரப்பிக் குச்சியால் அமுக்கிவிடுங்கள். ஓட்டை மேல் காகிதத் தொப்பி ஒட்டி, முகம் வரைந்தால் முடிந்தது. தள்ளினால் சாய்ந்து எழும். மண்ணைக் கூட்டியும் குறைத்தும் போட்டுப் பார்க்கவிடுங்கள். கனம் அடியில் இருந்தால் எழுகிறது, மேலே ஏறினால் விழுந்துவிடுகிறது என்று தானே கண்டுபிடிக்கும்.

சித்திரையில் நுங்கு வண்டி. நுங்கு தின்ற பிறகு ஒரே அளவான இரண்டு காயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாண் நீளக் குச்சியின் இரண்டு முனையையும் இரண்டு காயின் நடுவில் குத்தினால் அச்சும் சக்கரமும் தயார். இடுப்பு உயரத்துக்கு ஒரு கவட்டைக் குச்சி வெட்டி, கவட்டையை அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் ஓடும். காய் இரண்டு மூன்று நாளில் காய்ந்து சுருங்கும், அடுத்த குலையில் புதுச் சக்கரம் போட்டுக்கொள்ளலாம். அரிவாள் வேலை உங்களுடையது, குத்தி மாட்டுவது பிள்ளையுடையது. ஓடும்போது விழுந்தால் கண்ணில் குத்தாமல் இருக்க, கவட்டையின் இரண்டு நுனியையும் கைப்பிடி முனையையும் சீவி மழுக்கிவிட்டுக் கொடுங்கள்.